காய்ச்சல் விட்ட பிறகு வரும் பத்து நாள்

கேள்வி: வணக்கம் டாக்டர். என் மகனுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நெஞ்சில் சளி ஒட்டிக்கொள்கிற பிறவி நோய்) என்று மூன்றரை வயதில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் பிரைமரி காம்ப்ளெக்ஸ் (பிள்ளைகளுக்கு வரும் காசநோய்) என்று சொல்லி ஆறு மாதம் மருந்து கொடுத்தோம். போன வருடம் தீபாவளிக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனேன். வந்த இரண்டாம் நாள் காய்ச்சல். ஃப்ளூ என்றார்கள். நாலு நாளில் விட்டது, பள்ளிக்கும் அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து இருமல் முற்றி, எடை இரண்டு கிலோ குறைந்து, பதினாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். கல்யாணத்துக்குக் கூட்டிப்போனதுதான் தப்பு என்று மாமியார் இன்னும் சொல்கிறார். இந்த வருடம் மழை தொடங்கியதும் பள்ளியை நிறுத்திவிட்டு, பொங்கல் வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா? ஃப்ளூ ஊசி போட்டால் ஃப்ளூவே வந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? இன்னொன்று. பக்கத்து மாவட்டத்தில் இதே நோய் உள்ள ஒரு பெண் குழந்தையின் அம்மா போனில் பழக்கமாகியிருக்கிறார். தீபாவளி லீவில் பிள்ளைகள் இருவரையும் சந்திக்க வைக்க எங்களுக்கு ஆசை. செய்யலாமா?
— தஞ்சாவூர் மாவட்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கல்யாண விஷயத்தை முடித்துவிடுவோம். ஃப்ளூ வைரஸ் உடம்புக்குள் போன ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். உங்கள் பையனுக்குக் கல்யாண மண்டபத்தில் தொற்றியிருக்கலாம். அதற்கு முந்தைய நாள் பள்ளியில், பக்கத்தில் உட்கார்ந்த பையனிடமிருந்தும் தொற்றியிருக்கலாம். காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஒருவர் வைரஸைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். அவர் தும்மியிருக்க மாட்டார், மூக்கு ஒழுகியிருக்காது, அவருக்கே தெரிந்திருக்காது. யார் கொடுத்தது, எங்கே வாங்கியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மாமியாரிடம் இதை டாக்டர் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம் வேறு. ‘நாலு நாளில் விட்டது, பள்ளிக்கும் அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து…’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம். நம் வீடுகளில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். சுடவில்லை என்றால் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ரசம் சாதம் கொடுத்து, மறுநாள் பள்ளிக்கு அனுப்பிவிடுவோம். மற்றப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். உங்கள் பையனுக்குப் போதாது என்று போன வருடம் யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் தரப்புக் குறை, உங்களுடையது இல்லை.

ஏன் போதாது என்று கொஞ்சம் விளக்குகிறேன். நீங்கள் டெல்டாக்காரர், வாய்க்காலை வைத்தே சொல்லலாம். தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் சருகு விழுந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் வற்றிவிட்டால் அதே சருகு சேற்றோடு ஒட்டி அங்கேயே அழுகும். நம் மூச்சுக்குழாயின் உள்சுவரிலும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டு. அதன் மேல் சளி மிதக்கும். அடியில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் கோடிக்கணக்கில் அசைந்து, அந்தச் சளியைத் தூசியோடும் கிருமியோடும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் உப்பும் நீரும் செல்களுக்கு உள்ளும் வெளியும் போய்வருகிற வாசல் ஒன்று பழுதாகிவிடுகிறது. அந்த வாசலைக் கட்டுகிற மரபணு ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது என்று 1989-இல் கண்டுபிடித்தார்கள். வாசல் பழுதானால் நீர்ப்படலம் வற்றும். சளி பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், மயிரிழைகளால் அதைத் தள்ள முடியாது. அந்தச் சளிக்குள் ஸ்டெஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறி, அமைதியாகக் காலம் தள்ளிக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில் ஃப்ளூ வைரஸ் உள்ளே வந்து, மயிரிழைகள் இருக்கிற மேல்தோலையே உரித்துவிடுகிறது. யாருக்கு ஃப்ளூ வந்தாலும் இது நடக்கும். அந்தத் தோல் திரும்ப வளர வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் நமக்கெல்லாம் காய்ச்சல் போன பிறகும் இரண்டு வாரம் இருமல் நிற்பதில்லை. உங்கள் பையனுக்கோ, சளியைத் தள்ள இருந்த அரைகுறை வசதியும் அந்த வாரங்களில் போய்விடுகிறது. ஏற்கெனவே உள்ளே இருக்கிற பாக்டீரியாவுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. காய்ச்சல் கீழே இறங்குகிறது, வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள், நெஞ்சுக்குள் இரண்டாவது நோய் சத்தமில்லாமல் தொடங்குகிறது. போன வருடம் உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இப்படி நெஞ்சில் கிருமி முற்றி, மருத்துவமனையில் சேர்த்து ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றப்படுகிறவர்களை அமெரிக்காவில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்தும் நாலில் ஒருவருக்கு நுரையீரல் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. ஊதிப் பார்க்கிற சோதனையில் அந்தக் குறைவு அப்படியே நின்றுவிடுகிறது. உங்கள் பையன் அந்தப் பதினாலு நாளுக்குப் பிறகு பழைய எண்ணுக்கு வந்துவிட்டானா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை போகும்போது கேட்டு, நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த வருடத்துக்கு வருவோம்.

ஊசி. நம் ஊரில் போடுகிற ஃப்ளூ ஊசியில் இருப்பது செத்த வைரஸின் துண்டுகள். அது ஃப்ளூவைக் கொடுக்கவே முடியாது. போட்ட இடம் ஒரு நாள் வலிக்கும், சில பிள்ளைகளுக்கு லேசாக உடம்பு சுடும், அவ்வளவுதான். ‘ஊசி போட்ட அடுத்த வாரமே எனக்குக் காய்ச்சல் வந்தது’ என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும். அதற்குள் ஊரில் சுற்றுகிற நூறு வகைக் காய்ச்சலில் ஒன்று வந்திருக்கும், பழி ஊசி மேல் விழும். ஊசி போட்டாலும் சிலருக்கு ஃப்ளூ வரத்தான் செய்கிறது, அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் போடாதவர்களைப் போல் அவ்வளவு மோசமாகப் போவதில்லை. உங்கள் பையனைப் பொறுத்தவரை எனக்கு அந்த வித்தியாசமே போதும்.

எப்போது போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இணையத்தில் இந்த நோயைப் பற்றிப் படித்தால் ஃப்ளூ காலம் என்பது பனிக்காலம் என்று இருக்கும். அது அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் சரி. இந்தியாவுக்குள்ளேயே ஸ்ரீநகரில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, டெல்லியில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை என்று மாறுகிறது. சென்னையிலும் வேலூரிலும் வருடக்கணக்கில் கவனித்ததில், வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் உச்சத்துக்குப் போகிறது. மற்ற மாதங்களில் வராது என்று அர்த்தமில்லை. ஆனால் நமக்கு முக்கியமான கெடு ஐப்பசி மழை. புரட்டாசிக்குள் ஊசி உடம்பில் இருக்க வேண்டும்.

உங்கள் பையனுக்கு இதுவரை போட்டதில்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒன்பது வயதுக்குக் கீழே முதல்முறை போடுகிற பிள்ளைக்கு ஒன்று போதாது, நாலு வாரம் இடைவெளியில் இரண்டு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வாரம் முதல் ஊசி போட்டால்தான் இரண்டாவது ஊசி மழைக்கு முன் முடியும். அடுத்த வருடத்திலிருந்து வருடத்துக்கு ஒன்று. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியையும் வருடாவருடம் மாற்றுகிறார்கள், போன வருடத்து ஊசி இந்த வருடத்துக்கு ஆகாது. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் தடுப்பூசி அவனுக்கு முழுமையாகப் போட்டாயிற்றா என்று அப்படியே கேட்டுவிடுங்கள்.

காசு என்றதும் இன்னொரு செலவையும் சொல்லியாக வேண்டும். ஊசி அவனுக்கு மட்டும் போதாது. நீங்கள், அவன் அப்பா, மாமியார், வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள், எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள். அவனுக்குப் போட்ட ஊசி முழுதாகப் பிடிக்காமல் போனாலும் அவனைச் சுற்றி ஒரு வேலி இருக்கும். குடும்பத்துக்கே போடுவது பெரிய தொகைதான். ஆனால் போன வருடம் அந்தப் பதினாலு நாளுக்கு எவ்வளவு ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். மாமியாருக்கு அறுபதைத் தாண்டியிருந்தால் அவருக்கே தனியாக ஊசி தேவை. இதை அவரிடம் பக்குவமாகச் சொன்னால், கல்யாணக் கதையும் கொஞ்சம் அடங்கும் என்று நினைக்கிறேன்.

நானே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பயிற்சிக் காலத்தில் குழந்தைகள் வார்டில் இருந்தபோது எனக்கு இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளத் தோன்றவே இல்லை. மூக்கு ஒழுக ஒழுக, ‘சாதாரண ஜலதோஷம்தான்’ என்று வேலைக்குப் போயிருக்கிறேன். எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தேனோ தெரியாது. அதனால் ஊசி போடாத சொந்தக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கேட்டால் பலர் போட்டுக்கொள்வார்கள். நம் ஆட்கள் யாரும் கேட்பதில்லை, அதுதான்.

பள்ளியை நிறுத்துவது வேண்டாம். அக்டோபரிலிருந்து பொங்கல் வரை என்றால் மூன்றரை மாதம். அவனை உள்ளே பூட்டி வைத்தாலும் அவன் அப்பா பஸ்ஸில் போய்வருவார், வீட்டுக்கு ஆள் வரும், வைரஸ் வாசல் வழியாகவே வரும். அதைவிட, ஓடுவதும் குதிப்பதும் கத்துவதும் அவன் நெஞ்சுச் சளிக்கு மருந்து. மூன்று மாதம் டிவி முன்னால் உட்கார வைத்தால் அந்த மருந்தை நிறுத்தியதாக ஆகும். நாமே அவனை நோயாளி ஆக்கிவிடுகிறோம்.

அதற்குப் பதிலாக வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். ஜன்னல் ஓரத்தில் இடம் கேளுங்கள். வகுப்பில் இரண்டு மூன்று பேருக்குக் காய்ச்சல் என்றால் உங்களுக்கு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள், அப்போது நாலைந்து நாள் வீட்டில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. தண்ணீர் பாட்டிலை யாரோடும் மாற்றிக்கொள்ளக் கூடாது, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இன்னொன்றும் ஆசிரியரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இவனுடைய அன்றாட இருமல் யாருக்கும் ஒட்டாது. கொரோனாவுக்குப் பிறகு இருமுகிற பிள்ளையை எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அதற்குப் பயந்து சில பிள்ளைகள் வகுப்பில் இருமலை அடக்கிக்கொள்கிறார்கள். இவன் இருமத்தான் வேண்டும், சளி வெளியே வர அவனுக்கு இருக்கிற வழி அது. உங்கள் டாக்டரிடம் இரண்டு வரி கடிதம் வாங்கிக் கொடுங்கள்.

நெரிசலான பஸ், மருத்துவமனை வெளிநோயாளிப் பகுதி, இந்த இரண்டு இடத்திலும் மாஸ்க் போடட்டும். மழைக்காலத்தில் மருத்துவமனையில் காத்திருக்கிற பெஞ்சைவிட ஃப்ளூ அதிகம் கிடைக்கிற இடம் ஊரிலேயே இருக்காது. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு, கூப்பிடும் வரை வெளியே மரத்தடியில் நில்லுங்கள்.

இவ்வளவும் செய்தும் காய்ச்சல் வரலாம். வந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, உங்கள் டாக்டரோடு பேசி ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் காய்ச்சல் 102 அடிக்கும்போது யாருக்கும் மூளை ஓடாது.

அந்தத் தாளில் முதலில் இருக்க வேண்டியது ஓசெல்டாமிவிர். ஃப்ளூ வைரஸுக்கான மருந்து இது. காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். இவனைப் போன்ற பிள்ளைகளுக்குச் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமலே தொடங்குவதுதான் முறை. தினம் இரண்டு வேளை, ஐந்து நாள். அளவு எடையைப் பொறுத்தது, அதை அவனைப் பார்க்கும் டாக்டர் எழுத வேண்டும். 2017 வரை தனி உரிமம் உள்ள ஒரு சில கடைகளில் மட்டுமே இது கிடைத்தது. இப்போது சீட்டு இருந்தால் மற்றக் கடைகளிலும் விற்கலாம். ஆனாலும் எல்லாக் கடையிலும் இருப்பு வைத்திருக்க மாட்டார்கள். உங்கள் ஊரில் எந்தக் கடையில் இருக்கும் என்று மழைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறொருவருக்கு ஃப்ளூ என்று தெரிந்தால், இவனுக்கு வருவதற்கு முன்பே தடுப்பாகக் கொடுப்பதும் உண்டு. அதையும் கேளுங்கள்.

இரண்டாவது, ஆன்டிபயாடிக். ஃப்ளூ வைரஸை அது ஒன்றும் செய்யாது. ஆனால் காய்ச்சலுக்குப் பின் நெஞ்சில் தொடங்குகிற அந்த இரண்டாவது நோயைத் தடுக்க, இவன் சளியில் கடைசியாக வளர்ந்த கிருமி எதுவோ அதற்கேற்ற மருந்தைப் பல டாக்டர்கள் சீக்கிரமே தொடங்கிவிடுவார்கள். அதற்குத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சளி கல்ச்சர் எடுக்கச் சொல்கிறோம். கடைசி ரிப்போர்ட்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் புதிதாக ஒரு டாக்டரைப் பார்க்க நேர்ந்தால் அந்த ஒரு படம் பத்து நிமிட விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். நம் ஊர் மழைக்காலம் டெங்குக் காலமும்தான். டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும்வரை ஐபூப்ரோஃபென் வேண்டாம். ஆஸ்பிரின் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். ஃப்ளூ உள்ள பிள்ளைகளுக்கு அது ஈரலையும் மூளையையும் தாக்குகிற ஆபத்து உண்டு. இருமலை அடக்குகிற சிரப் எதையும் வாங்காதீர்கள், கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

உப்பு. அவனை நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிப்பது உங்களுக்கு எந்த டாக்டருக்கும் முன்பே தெரிந்திருக்கும். 1948-இல் நியூயார்க்கில் கடுமையான வெயில் அடித்தபோது, சுருண்டு விழுந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்த நோய் உள்ளவர்கள் அதிகமாக இருப்பதை அங்கிருந்த டாக்டர்கள் கவனித்தார்கள். அதைத் தொடர்ந்துதான் வியர்வையில் உப்பு அளக்கிற சோதனையே வந்தது. காய்ச்சல் வந்து வியர்த்துக் கொட்டும்போது இவன் மற்றப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு உப்பை இழக்கிறான். வெறும் தண்ணீரும் இளநீரும் அதை ஈடுகட்டாது. ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சி, உப்பு மோர், மிளகு ரசம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சோர்ந்து, வாந்தி எடுத்து, கை கால் இழுத்துக்கொள்வது போல் வலிக்கிறது என்றால் அது உப்பு குறைந்ததாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சாப்பாடு குறைவாகத்தான் இறங்கும். இறங்கும்போதெல்லாம், சாப்பாட்டைச் செரிக்க அவன் எடுக்கிற என்சைம் மாத்திரை கூடவே போக வேண்டும். ‘காய்ச்சலில் நெய், பால் கூடாது’ என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு நெய்யை ஊற்றுங்கள்.

கஷாயம் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். பாட்டி கொடுக்கிற மிளகு ரசத்தோடு எனக்குச் சண்டை இல்லை. கஷாயத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று 48 மணி நேரத்தைக் கடத்துவதில்தான் சண்டை. ஆவி பிடிப்பது வேண்டவே வேண்டாம். கொதிக்கிற பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். இவன் சளியை இளக்க நெபுலைசரில் (மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கிற கருவி) வைக்கிற உப்பு நீர் செய்கிற வேலையை ஆவி செய்யாது.

இப்போது அந்தப் பத்து நாள். காய்ச்சல் விட்ட நாளைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். அன்றிலிருந்து இரண்டு வாரம், சாதாரணமாகத் தினம் இரண்டு முறை செய்கிற நெஞ்சுப் பயிற்சி மூன்று அல்லது நாலு முறை ஆக வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து முதலில், உப்பு நீர் அடுத்து, அப்புறம் தட்டி எடுப்பதும் ஊதுவதும் ‘ஹஃப்’ என்று காற்றைத் தள்ளுவதும். உள்ளிழுக்கிற ஆன்டிபயாடிக் அவனுக்கு இருந்தால் சளி வந்த பிறகு, கடைசியில். அவன் அழுவான், அலுத்துக்கொள்வான். நீங்களும் அலுத்துப்போவீர்கள். அப்பா ஒரு முறை, நீங்கள் ஒரு முறை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதில் மாமியாரையும் சேர்க்கலாம், தட்டுவதற்கு ஒரு நாளில் கற்றுக்கொள்வார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரே எடை மெஷினில் எடை பாருங்கள். இருமல் கூடுகிறதா, ராத்திரியில் எழுப்புகிறதா, சளியின் நிறம் மாறுகிறதா, மாடிப்படி ஏறும்போது நிற்கிறானா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று மாறினாலும், காய்ச்சல் இல்லாவிட்டாலும், அன்றே போன் செய்யுங்கள். ‘காய்ச்சல் இருக்கிறதா?’ என்று மறுமுனையில் கேட்பார்கள். ‘இல்லை, ஆனால் ஃப்ளூ வந்து போய் ஒன்பதாவது நாள், எடை குறைகிறது’ என்று அந்த வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். காய்ச்சல் விட்ட வாரமே ஒரு சளி கல்ச்சர் எடுத்துவிடுவதும் நல்லது. மூச்சு வேகமாக வாங்குவது, விலாவுக்கு நடுவே தோல் குழிவது, உதடு நீலமாவது, சளியில் ரத்தம், விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போவது, இதெல்லாம் போன் செய்கிற விஷயம் இல்லை. நேரே வண்டி ஏறுங்கள்.

மழைக்காலத்தில் நெபுலைசர் காயாது. ஃப்ளூவுக்கு நேரடியாகச் சம்பந்தம் இல்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சூடோமோனாஸ் ஈரத்தில் வாழ்கிற கிருமி. ஒவ்வொரு முறையும் கப்பையும் முகமூடியையும் சோப்பால் கழுவி, நாளுக்கு ஒருமுறையாவது ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, சுத்தமான துணியில் கவிழ்த்துக் காய விடுங்கள். கொதிக்க வைத்தால் தாங்குமா என்று அதனுடன் வந்த தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரில் கடைசியாக அலசாதீர்கள், செய்த வேலையெல்லாம் வீண். இரண்டு செட் இருந்தால் ஒன்று காயும்போது இன்னொன்று.

வயல்காட்டுப் பிள்ளை என்பதால் இன்னொன்று. தேங்கின மழைத் தண்ணீரிலும் சேற்றிலும் விளையாட விடாதீர்கள். மெலியோய்டோசிஸ் என்ற நோயைக் கொடுக்கும் கிருமி நம் பக்கத்து ஈர மண்ணில் இருக்கிறது, மழையில் மேலே வரும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள நுரையீரலில் அது புகுந்தால் எளிதில் போகாது. நனைந்த வைக்கோல் போரும் வேண்டாம், அதில் பூஞ்சை. மழை நின்ற பிறகு ரோட்டில் சைக்கிள் விடட்டும்.

கடைசியாக, அந்தப் பெண் குழந்தை. நான் தள்ளிப்போட்ட கேள்வி இது. நேரில் சந்திக்க வைக்காதீர்கள்.

சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஊரில் யாருக்கும் பெயர்கூடத் தெரியாத நோயோடு இரண்டு பிள்ளைகள் வளர்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று தெரியாமல் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் இந்தப் பிள்ளைகளுக்கென்றே கோடை முகாம்கள் நடத்தினார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பிறகு பர்க்ஹோல்டேரியா செபாசியா என்ற கிருமி ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் போவது தெரிந்தது. மற்றவர்களை அவ்வளவாகத் தொடாத கிருமி இந்த நுரையீரல்களில் கோர தாண்டவம் ஆடியது. 1990-களின் தொடக்கத்தில் முகாம்களை மூடிவிட்டார்கள். இந்த நோய் உள்ள இருவர் ஒரே இடத்தில் இருக்க நேர்ந்தால் குறைந்தது ஆறடி தள்ளி இருக்க வேண்டும் என்பது இன்று பல நாடுகளில் உள்ள விதி. அந்தக் குழந்தையின் சளியில் இருக்கும் கிருமி இவனுக்குப் புதிது, இவனுடையது அவளுக்குப் புதிது. இதில் ஃப்ளூ காலமும் சேர்ந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. எட்டு வயதில் ஆறடி தள்ளி உட்கார்ந்து விளையாடுகிற பிள்ளைகளை நான் பார்த்ததில்லை.

அம்மாக்கள் நீங்கள் இருவரும் சந்தியுங்கள், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு. உங்களுக்கும் அது தேவைதான்.

பிள்ளைகளுக்கு வீடியோ கால் இருக்கிறது. வெறுமனே பேசச் சொன்னால் எட்டு வயதுப் பையன் இரண்டு நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுவான். ஒரு வேலை கொடுங்கள். ஒரு பாட்டிலில் அரைச் சாண் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கிற சோப்பு விட்டு, நீளமான குழாய் ஒன்றை உள்ளே விட்டு ஊதச் சொல்லுங்கள். ஊத மட்டும்தான், உறிஞ்சக் கூடாது. நுரை பாட்டில் வாயைத் தாண்டி வழிய வேண்டும். இது விளையாட்டு மட்டும் இல்லை, பிசியோதெரபிஸ்ட்கள் சொல்லிக்கொடுக்கிற மூச்சுப் பயிற்சியேதான். இரண்டு பேரும் சாயங்காலம் ஒரே நேரத்தில், போனை எதிரே வைத்துக்கொண்டு, யார் பாட்டில் முதலில் வழிகிறது என்று போட்டி போடட்டும். பத்து முறை ஊதியதும் ஹஃப், இருமல், அப்புறம் அடுத்த சுற்று. உங்கள் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள். விளையாட்டு முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பாட்டிலையும் குழாயையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.